ஆமிக்காரனின் தண்ணீர்ப் போத்தல்

போன வெள்ளிக்கிழமை மகளோடு சந்தைக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவன் நீலப் படங்கு விரித்துப் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தான். கன்வஸ் பைகள், இடுப்புப் பட்டிகள், மடக்கு மண்வெட்டி, முழங்கால்வரை ஏறும் சப்பாத்து. நிலாவெளிப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்க வருகிற பிள்ளைகள் ஆசையாக வாங்குவார்களாம். அவற்றுக்கு நடுவே பச்சைத் துணி உறை போட்ட ஒரு தண்ணீர்ப் போத்தல் கிடந்தது. வெயிலில் காய்ந்த கன்வஸின் மணம் மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன.

யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். எதிரே ஒரு பொலிஸ்காரன் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றான். அவன் பாட்டுக்கு நின்றவனைக் கண்டு எனக்கு வியர்த்துக் கொட்டியது. மகள் எனக்கு இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டதென்று நினைத்து, கைப்பையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து வாயில் வைத்தாள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்னவென்று அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது உங்களுக்கு. நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது, இஞ்சாருங்கோ அப்பா என்று புருசனைக் கூப்பிட்டால் என்ன என்று கேட்க ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அதேமாதிரி ஒரு போத்தலோடு வீட்டுக்கு வந்த பின்னேரம்தான் நினைவுக்கு வந்தது. அப்போது நாங்கள் கப்பல்துறையில், கண்டி வீதிக்கு உள்ளே இருந்த அந்த ஓலை வீட்டில் இருந்தோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை நின்றுபோய், நீங்கள் சைக்கிளில் காட்டுக்குப் போய் விறகு வெட்டிக் கட்டி விற்றுக்கொண்டிருந்தீர்கள். மகள் என் வயிற்றில் இருந்தாள். அன்று காலையில் போன நீங்கள் மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு ஆண்பிள்ளை சோற்றுக்கு வரப் பிந்தினால் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். நான் அழவில்லை. முற்றத்துக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தேன், உங்களைத் திட்டிக்கொண்டும் இருந்தேன்.

பொழுது சாயும் நேரம் படலைக்குள் ஒரு ஆள் ஓடிவந்தார். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே பச்சைப் பட்டி, பக்கத்தில் பச்சைப் போத்தல். ஆமி வந்துவிட்டான் என்று நினைத்துக் குசினிக்குள் ஓடி மூலையில் குந்திவிட்டேன். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வெளியே எட்டிப் பார்த்தேன். காலில் செருப்பில்லை. முழங்கைவரை முள் கீறியிருந்தது. அதைவிட, உங்கள் தோளில் என்ன தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியவில்லை. நான் கைநீட்டிக் காட்டினேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். உங்கள் முகம் வெளுத்ததை நான் முதல் தடவையாக அன்றுதான் கண்டேன்.

கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கதைத்தீர்கள். காட்டுக்குள் விறகு கட்டிக்கொண்டு நிற்கையில் ஆமி வந்து சூழ்ந்துகொண்டதாம். அவர்களில் ஒருவனுக்குக் கடும் காய்ச்சல், மலேரியாவாக இருக்கும், நடுங்கிக்கொண்டு நடந்தானாம். அவன் சுமையை உங்கள் முதுகில் ஏற்றிவிட்டார்கள். துவக்கையும் ரவைப் பையையும் மட்டும் தங்களோடு வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் உங்களுக்கு. பெரிய முதுகுப் பை, மழைக்குப் போர்க்கும் றப்பர்த் துணி, நுளம்பு வலை, மண்வெட்டி, மீன் ரின்கள், இரும்புத் தொப்பி. நடக்கும்போது பையிலிருந்த சோற்றுக் கோப்பை சத்தம் போடக் கூடாதென்று அதைச் சாறத் துண்டால் சுற்றியிருந்தானாம். மூட்டை சுமந்து பழகிய உங்களுக்குப் பாரம் ஒரு பெரிய விஷயமில்லை. அந்தப் பாரத்தின் நிறம்தான் உங்களை நடுங்க வைத்தது.

"முதுகில பச்சை ஏறிட்டுதெண்டா மரத்துக்குப் பின்னால நிக்கிறவனுக்கு நானும் ஆமிதான்" என்று சொன்னீர்கள். "இயக்கப் பெடியள் சுட்டா முதல் வெடி எனக்கு. சுமையைப் போட்டிட்டு ஓடினா இவன் சுடுவான். நான் ஒண்டும் யோசிக்கேல்ல, முன்னால போறவன்ட சப்பாத்தை மட்டும் பாத்துக்கொண்டு நடந்தனான்."

தண்ணீர்ப் போத்தலைக் காய்ச்சல்காரனே உங்கள் தோளில் மாட்டிவிட்டானாம். தான் குடித்துவிட்டு உங்களையும் குடிக்கச் சொன்னானாம். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் இளகியது, எனக்கு அது பிடிக்கவில்லை. காட்டு விளிம்புக்கு வரும்போது எங்கோ வெடி கேட்டிருக்கிறது. எல்லாரும் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். யாரோ ஓடு என்று கத்த, நீங்கள் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினீர்கள். குறுக்கே போட்டிருந்த போத்தல் மட்டும் கழலவில்லை. சைக்கிளும் விறகும் காட்டோடு போயிற்று என்று அதற்குள் ஒரு கவலை வேறு பட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அந்தப் போத்தலை உங்களுக்கு நினைவிருக்கும். பச்சைப் பிளாஸ்டிக், அடியில் பொருந்துகிற அலுமினியக் கோப்பை, மேலே துணி உறை. உறையில் கறுப்பு மையால் ஒரு இலக்கம் எழுதியிருந்தது. அது அவனுடைய ஆமி இலக்கம் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் இதைக் கண்டெடுக்கிற ஆமிக்காரன், இது உங்கள் தோளில் எப்படி வந்ததென்று கேட்கமாட்டான். இதை வைத்திருந்தவனை என்ன செய்தாய் என்றுதான் கேட்பான். அந்தப் பக்கத்துப் பெடியள் கண்டாலோ, ஆமிக்குச் சுமை தூக்கினவன், காட்டிக்கொடுக்கிறவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு வெறும் போத்தல், அதற்கு இரண்டு பக்கத்திலும் ஒரே தண்டனைதான்.

எப்படித் தொலைப்பதென்று இரண்டு பேரும் மண்டையை உடைத்தோம். புதைக்கலாம் என்றீர்கள். சுற்றிவளைப்புக்கு வருகிறவர்கள் புதுமண்ணைக் கண்டால்தான் முதலில் இரும்புக் கம்பியை இறக்குவார்கள் என்றேன். கிணற்றில் போட்டால் மிதக்கும், மண் நிரப்பிப் போட்டாலும் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவுவார்கள். எரித்தால் பிளாஸ்டிக் புகை நாலு வளவுக்கு மணக்கும். கடலுக்கோ காட்டுக்கோ கொண்டுபோனால் வழியில் ஆமி காவல் நிற்கிற சென்றி, ஆளைத் தடவிப் பார்க்காமல் விடமாட்டான். கடைசியில் அதை நெல்லுச் சாக்குக்குள் வைத்துவிட்டு, சாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அண்ணாவின் கதையை உங்களுக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்திய வருடம் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி ஊர் ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லாரும் திரும்பி வந்தார்கள், என்ட அண்ணா மட்டும் வரவில்லை. அம்மா போட்டுவைத்த தேத்தண்ணி அடுத்த நாள் காலைவரை மூடியபடி இருந்தது. அன்றிலிருந்து என் வாய் சும்மா இருக்கவில்லை. வீதியால் ஆமி ட்ரக் போனால், இவங்களுக்கு ஒரு நாளைக்கு என் கையால் நஞ்சு வைக்காமல் சாகமாட்டேன் என்று சொல்வேன். சமைக்கும்போது சொல்வேன், துணி துவைக்கும்போது சொல்வேன். நீங்கள், மெல்லக் கதை, சுவருக்கும் காது இருக்கு என்று வாயைப் பொத்துவீர்கள். மிளகாய்க் கன்றுக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் போத்தல் எங்கள் குசினிக் கூரையின் இறவாணத்தில்தான் சொருகியிருந்தது.

அப்படிக் கதைத்தவள் அந்தப் போத்தல் வந்த பிறகு என்ன செய்தேன் தெரியுமா. பிள்ளையாருக்கு முன்னால் நின்று, முகம் தெரியாத அந்தக் காய்ச்சல்காரன் செத்துப்போகக் கூடாதென்று மன்றாடினேன். அவன் உயிரோடிருந்தால், விறகுகாரன்தான் சுமந்தவன், நான்தான் போத்தலை மாட்டினேன் என்று அவன் வாயால் சொல்வான். அவன் காய்ச்சலிலோ வெடியிலோ போய்விட்டால் உங்களுக்காகச் சொல்ல உலகத்தில் ஒருத்தனும் இல்லை. உங்கள் உயிர் அவன் உடம்புச் சூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. என் அண்ணாவைக் கொண்டுபோன கூட்டத்தில் ஒருவனுக்காக நேர்த்தி வைக்கிறேனே என்று எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் வைத்தேன்.

காலையில் பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் செய்தி சொன்னாள். சீனக்குடாப் பக்கம் சுற்றிவளைப்புத் தொடங்கிவிட்டதாம், அடுத்தது எங்கள் பக்கம்தானாம். நான் அங்கேயே முற்றத்தில் இருந்துவிட்டேன். நீங்கள் சாக்குக்குள்ளிருந்து போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தீர்கள். பிறகு மாட்டிக்கொள்ளச் சேட்டு ஒன்று கேட்டீர்கள்.

"கொண்டுபோய்க் குடுக்கப்போறன்."

உங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்றேன். சேட்டை எடுத்து எனக்குப் பின்னால் மறைத்தேன். காலைப் பிடித்தேன் என்றும் நினைக்கிறேன். நீங்கள் கோபப்படவில்லை.

"ஒளிச்சு வைச்சா அது களவு. கையில வெளிச்சத்தில வைச்சிருந்தா அது ஒருத்தன்ட சாமான்" என்றீர்கள். "அவங்கள் வந்து எடுத்தா நான் சொல்றது ஒண்டும் ஏறாது. நானாப் போனா ஒரு வசனமாவது கேப்பாங்கள்."

தனி ஆம்பிளை போனால் தூரத்திலேயே சுட்டுவிடுவான், வயிற்றோடு ஒரு பெண் கூட வந்தால் கொஞ்சம் யோசிப்பான் என்று நான் சொன்னேன். வரக் கூடாதென்று நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். பயந்தாங்கொள்ளி என்று என்னை ஊரெல்லாம் பகிடி பண்ணுவீர்களே, அந்தப் பயந்தாங்கொள்ளிதான் முதலில் படலையைத் திறந்தவள். வீட்டில் தனியே இருந்து வெடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. அதைவிட உங்களோடு வருவது சுகம்.

போவதற்கு முன் போத்தலை என்னிடம் தரச் சொல்லி வாங்கினேன். சாம்பல் போட்டுக் கழுவினேன். கழுவி முடித்ததும் அதை வெறுமையாகக் கொடுக்க என் கை வரவில்லை. அடுத்த வீட்டுக்காரர் கிண்ணத்தில் கறி தந்தால் அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா. ஒரு பிடி அரிசியாவது, இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தானே கொடுப்போம். அம்மா பழக்கிய பழக்கம், எந்தப் பயத்திலும் கை தானாகச் செய்யும். காய்ச்சல்காரனுடைய போத்தல். அதனால் மல்லியை வறுத்து, சுக்காகக் காய்ந்த வேர்க்கொம்பு தட்டிப் போட்டு, கொதிக்கவைத்து, சீனி கொஞ்சம் சேர்த்து வடித்து நிரப்பினேன். நீங்கள் அப்போது முற்றத்தில் சேட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு நின்றீர்கள். குசினியில் புகை எழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். என்ன காய்ச்சுகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அந்த அவதியில் சொல்லத் தோன்றவில்லை.

வீதிக்கு ஏறியபோது வெயில் ஏறியிருந்தது. போத்தலை எல்லாருக்கும் தெரியும்படி வலது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீங்கள் முன்னால் நடந்தீர்கள். இடையில் தாகம் எடுத்து மூடியைத் திருகப் போனீர்கள். நான் பின்னாலிருந்து பாய்ந்து உங்கள் கையைப் பிடித்தேன்.

"தொடாதேங்கோ. அதை நீங்கள் குடிக்கக் கூடாது. அது அவனுக்கு."

ஒருவருக்குக் கொடுக்கிற பொருளை எச்சில் படுத்தக் கூடாதே, அதற்காகச் சொன்னேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மூடியை இறுக்கினீர்கள். அதன் பிறகு சென்றிவரை நீங்கள் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. பயத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

சென்றியில் மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து கத்தினார்கள். நின்றோம். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினோம். என் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் நீங்கள் சொல்லச் சொல்ல ஒருவன் போத்தலை வாங்கி உறையிலிருந்த இலக்கத்தைப் பார்த்தான். உடனே துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. உள்ளேயிருந்து அதிகாரி வந்தான். வயது அதிகமில்லை, தூக்கமில்லாத கண். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வந்தது.

மூடியைத் திறந்து அலுமினியக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினான். மண்ணிறமாக விழுந்தது. நீங்கள் திடுக்கிட்டதை நான் கண்டேன். உள்ளே வெறும் தண்ணீர் என்று நினைத்திருக்கிறீர்கள். அதிகாரி மணந்து பார்த்தான்.

"மல்லி" என்றான். "மல்லி எனக்குத் தெரியும். மல்லிக்குள்ள என்ன?"

ஒன்றுமில்லை என்று சொல்வதற்குக்கூட எனக்கு வாய் திறக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அதிகாரி கோப்பையை என் பக்கம் நீட்டி, குடி என்றான். நான் கை நீட்டுவதற்குள் நீங்கள் நடுவே புகுந்து கோப்பையைப் பிடுங்கிக் குடித்தீர்கள். அதோடு விடவில்லை. அவன் கையிலிருந்த போத்தலையும் பறித்து வாயில் வைத்து, அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். தாடையால் வழிந்தது. ஒருவன் துவக்கின் பின்பக்கத்தால் முதுகில் குத்தினான், அப்போதும் நிறுத்தவில்லை. வெறும் போத்தலைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, நெஞ்சில் கை வைத்து, அதிகாரியிடம் சிங்களத்தில் இரண்டு சின்ன வசனம் சொன்னீர்கள். மமய் ஹெதுவே. எயா தன்னே நே. அந்த ஒலி என் காதில் அப்படியே பதிந்துவிட்டது. பிறகு நான் அர்த்தம் கேட்டபோது, காய்ச்சலுக்கு நல்ல மருந்து ஐயா என்று சொன்னேன் என்றீர்கள். நானும் அதையே நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன்.

எங்களை நிலத்தில் இருத்தினார்கள். அதிகாரி முகாமோடு கதைக்கப் போனான், அந்த இலக்கத்துக்காரன் எங்கே என்று கேட்க. இன்னொருவன் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். விழுந்து துடிப்பீர்களா என்று பார்த்தான் என்பது எனக்கு விளங்கியது. எனக்கு அதில் பயமில்லை, மல்லித் தண்ணீரில் யார் செத்தார்கள். என் பயமெல்லாம் உள்ளே நடக்கிற கதையில் இருந்தது. அவன் செத்துவிட்டான் என்று பதில் வந்தால் எங்களை எந்தப் பக்கம் கொண்டுபோவார்கள், முதலில் யாரை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தீர்கள். பசியாக்கும் என்று நினைத்தேன். பிறகு தலையைக் குனிந்தபடி, உதடு அசையாமல், என்னோடு கதைத்தீர்கள்.

"நீ நேர இறக்கக்கண்டிக்குப் போ, என்ட அக்கா வீட்டை. இஞ்ச தனிய இராதை. பொடியன் பிறந்தா உன்ட கொண்ணன்ட பேரை வை." பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னீர்கள். "நான் உன்னில கோவமில்லை."

பயத்தில் ஏதோ உளறுகிறீர்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. சும்மா இருங்கோ, அபசகுனமாகக் கதைக்காதேங்கோ என்று சீறினேன். உங்கள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அதைத் துடைக்கக்கூட நான் கையை நீட்டவில்லை. அசைந்தால் சுட்டுவிடுவான் என்று பயம்.

நிழல் எங்களை விட்டு நகர்ந்து வெயில் தலையில் ஏறிய பிறகு அதிகாரி வந்தான். அவன் சிரிக்கவில்லை, ஆனால் குரல் மாறியிருந்தது. காய்ச்சல்காரன் ஆசுபத்திரியில் இருக்கிறானாம். விறகுகாரன் ஒருவன் தன் சுமையைத் தூக்கினான், போத்தல் அவனோடு போய்விட்டது என்று அவனே சொல்லிவிட்டானாம். போ என்று கையைக் காட்டினான். போத்தலை அவன் வைத்துக்கொண்டான். எழும்பினால் உங்களால் நேராக நிற்க முடியவில்லை. நான்தான் தோள் கொடுத்தேன். வயிற்றில் பிள்ளையோடு உங்களையும் தாங்கிக்கொண்டு நடந்தேன், அதைப் பிறகு எத்தனை தடவை சொல்லிக் காட்டியிருப்பேன்.

சென்றி கண்ணுக்கு மறைந்த பிறகு நீங்கள் வீதியோரத்தில் குந்தினீர்கள். என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"சீனி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றீர்கள்.

நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே குனிந்து சத்தி எடுத்தேன். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் உங்கள் சிரிப்பு நிற்கவில்லை. நீங்கள் விக்கி விக்கி அழுவதுவரை அது போயிற்று. உயிர் தப்பிய சந்தோசம் என்று நினைத்துத் தலையைத் தடவிவிட்டேன். பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. அண்ணாவின் பெயரை வைக்க வழியில்லாமல் போயிற்று. அந்தப் போத்தலின் கதையை நீங்கள் பிறகு யாருக்கும் சொன்னதில்லை. நான் யாருக்காவது சொல்லத் தொடங்கினால், எழும்பி வெளியே போய்விடுவீர்கள். சுமை தூக்கிய வெட்கம் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லப் பயமாக இருக்கிறது.

சந்தைக்குப் போய்வந்த பிறகு திங்கட்கிழமை எனக்குப் பெரியாசுபத்திரியில் கிளினிக். நீங்கள் இருந்தவரை கூட வந்து, எனக்காகச் சிங்களத்தில் கதைத்து, மருந்தும் வாங்கித் தருவீர்கள். நான் அந்தப் பாசையைக் காதில் ஏற்றமாட்டேன் என்று அண்ணா போனதிலிருந்து பிடிவாதமாக இருந்தவள். இப்போது மகள் வருகிறாள். ஆட்கள் குந்தியிருக்கும் நீள வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா இருந்தாள். காத்திருந்து களைத்துப்போய், பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து, எள்ளுருண்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். கடையில் வாங்கியதென்று நான் நினைத்துவிடக் கூடாதே என்று நெஞ்சில் கையை வைத்து, "மமய் ஹெதுவே" என்றாள்.

உருண்டை என் கையிலேயே இருந்தது. மகளிடம் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"தான்தானாம் செய்தது" என்றாள் மகள்.

மற்ற வசனத்தையும் நான் சொல்லிக் கேட்டேன். என்ன அம்மா, எங்கே கேட்டனீங்கள் என்று அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். அவவுக்குத் தெரியாது.

நான்தான் செய்தேன். அவளுக்குத் தெரியாது.

அந்த வாங்கில் இருந்தபடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. குசினியில் எழுந்த புகை. இறவாணத்தில் இருந்த மருந்து. தொடாதேங்கோ, அது அவனுக்கு என்று நான் பாய்ந்து பிடித்த கை. நாளும்பொழுதும் நஞ்சு வைப்பேன் என்று நான் கதைத்த கதை. உள்ளே மல்லி இருந்ததைக் கண்டதும் நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். உங்கள் மனைவி அவனுக்கு நஞ்சு வைத்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாதென்று முழுவதையும் குடித்தீர்கள். குடித்துவிட்டு, கலந்தவன் நான் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னீர்கள். பிறகு வெயிலில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எரிச்சல் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தீர்கள். பக்கத்தில் இருந்த நான் உங்களைச் சும்மா இருங்கோ என்று சீறினேன்.

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று நாள் உங்கள் படத்துக்கு விளக்கேற்றவில்லை, அதை மறைக்கமாட்டேன். என்னை அப்படியா நினைத்தீர்கள், காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு நஞ்சு வைக்கிறவள் என்றா, என்று படத்தோடு சண்டை போட்டேன். நீங்கள் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. பிறகு கோபம் போய்ப் பயம் வந்து இருந்துகொண்டது. அந்த வீதியில் நான் துவக்குக்குப் பயந்தேன். நீங்கள் என் கையால் சாகிறோம் என்று நினைத்துக்கொண்டு, என்னை எப்படித் தப்பவைப்பதென்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். அப்படி ஒரு ஆளோடு இத்தனை வருடம் ஒரே கோப்பையில் சோறு தின்றிருக்கிறேன், ஒரு நாளும் தெரியாமல். சீனி காணாது என்று திட்டியும் இருக்கிறேன், திட்டு வாங்கியும் இருக்கிறேன்.

என்னைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டுத்தான் நீங்கள் கடைசிவரை சொல்லாமல் இருந்தீர்களாக்கும். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நினைக்கும்படிதான் நான் கதைத்தேன். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ளே என்னடி போட்டனீ என்று கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை என்பதற்காக நான் பதில் சொல்லாமல் இருக்க ஏலாது. மல்லி, வேர்க்கொம்பு, கொஞ்சம் சீனி. வேறொன்றும் இல்லை. இறவாணப் பக்கம் நான் கண்ணைக்கூடத் தூக்கவில்லை. அவன்மேல் இரக்கப்பட்டும் நான் அதைக் காய்ச்சவில்லை, பொய் சொல்லமாட்டேன். அவன் எழும்பாவிட்டால் நீங்கள் எனக்கு இல்லை என்ற பயத்தில் காய்ச்சினேன். அது உங்கள் உயிருக்காகக் காய்ச்சியது, அப்பா. நீங்கள்தான் குடித்தீர்கள்.